சுமைதாங்கியும் சாய்தளமும்

தமிழர் கட்டியவற்றுள் மிகப் பெரியது எது என்று வினவினால் விடையிறுக்கப் பலர் உளர். மிகச் சிறியது எது என்று ஒருவர் வினவுவாராயின், அதற்கு விடை யான் கூறுவேன்: சுமைதாங்கி. நட்ட இரு கற்களும் அவற்றின்மேற் கிடத்திய ஒரு கல்லும் அன்றி அதில் வேறொன்றும் இல்லை. கூரை இல்லை, கதவு இல்லை, கட்டினார் பெயர் பொறித்திருத்தலும் அரிது. ஆயினும் அக்கல்லின் உயரத்தைச் சற்றே உற்று நோக்குக. தலையிலே நெற்கடகமோ விறகுக்கட்டோ சுமந்து தனிவழி வரும் ஒருத்தி, பிறர் எவரையும் துணைக்கு அழையாமல், குனியாமல், முழங்கால் மடியாமல், தன் சுமையை இறக்கி வைப்பதற்கும், இளைப்பாறியபின் தானே மீண்டும் தலைக்கேற்றிக்கொள்வதற்கும் எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு உயரமே அதற்கு அமைந்திருக்கும். கருவுற்ற நிலையிற் காலமான பெண்களின் நினைவாக அவர்தம் சுற்றத்தார் இதனை வழியோரங்களில் நாட்டினர் என்பது நம் நாட்டு வழக்கு. வயிற்றுச் சுமையோடு இறந்தாள் ஒருத்தியின் பேரால், தலைச்சுமையோடு வருவார் அனைவர்க்கும் ஓர் உதவி!

அதன் பக்கத்திலே பெரும்பாலும் ஓர் ஆவுரஞ்சிக்கல் இருக்கும். அண்மையில் ஒரு கேணி இருக்கும். யாழ்ப்பாணத்துப் பழைய கேணிகள் சிலவற்றைப் பார்த்தவர் ஒன்றை அறிவர். மக்கள் இறங்குதற்குப் படிகள் ஒருபுறம். ஆடுமாடுகள் இறங்கி நீர் அருந்துதற்குச் சரிவான பாதை மற்றொருபுறம். மாட்டுக்குப் படி ஒவ்வாது என்பது கட்டியவனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே மாட்டைத் திருத்த அவன் முயலவில்லை, கேணியைத் திருத்தினான்.

இற்றை நாளில் நம் ஊர்களில் எழும் பள்ளிக்கூடம், கந்தோர், தபாலகம், வங்கி, வாசிகசாலை என்பவற்றின் முகப்பை நோக்குக. மூன்று படி, ஐந்து படி, ஏழு படி. படிகளின்மேல் வழுக்கும் பளிங்கு ஓடு. பிடித்துக்கொள்ளக் கைபிடி இல்லை. ஊன்றுகோலோடு வருபவர், சக்கர நாற்காலியில் வருபவர், முழங்கால் தேய்ந்த முதியவர், கைக்குழந்தையும் பையுமாக வரும் தாய் ஆகிய இவர்கள் யாவரையும் அந்தப் படிகள் ஒரு சொல்லும் பேசாமலே திருப்பி அனுப்பிவிடுகின்றன. அன்று மாட்டுக்குக் கிடைத்த சரிவு இன்று மனிதர்க்குக் கிடைத்திலது.

இலக்கணம் கற்பிப்பவன் என்ற முறையில் ஈண்டு ஒரு செய்தியைச் சொல்லாது அப்பாற் செல்ல என்னால் இயலவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலே, பொருளால் உயர்திணையாய் நின்றும் முடிபால் அஃறிணையாய்ச் செல்லும் சொற்களைத் தொகுத்துரைக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. அரசு, குழவி முதலிய சொற்களோடு 'உறுப்பின் கிளவி' என்பதும் அங்கே எண்ணப்படுகின்றது. குருடு, முடம் என்பன போல்வன அதற்கு எடுத்துக்காட்டு. வந்தவன் மனிதனே, ஆயினும் 'முடம் வந்தது' என்பதே முடிபு. இலக்கண ஆசிரியர் இழிவு கருதி இவ்விதி செய்தார் என்று யான் கூறேன். அரசும் அச்சூத்திரத்திலே உடன் வைக்கப்பட்டிருத்தலின் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. அவர் வழக்கிற் கண்டதை எழுதிவைத்தார். ஆனால் அரசு அஃறிணை முடிபு பெற்றதனால் அரசனுக்கு ஒரு குறையும் நேர்ந்ததில்லை. முடம் அவ்வாறு முடிந்ததன் விளைவை அம்மனிதர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தனர். உறுப்பின் பெயர் ஆளை விழுங்கிவிட்டது.

பெயரைத் திருத்தும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 'அங்கவீனர்' என்றோம், 'ஊனமுற்றோர்' என்றோம், 'வலுவிழந்தோர்' என்று எங்கள் நாட்டு அரச மடல்கள் எழுதின, தமிழ்நாட்டிலே 2010ஆம் ஆண்டில் முதலமைச்சராயிருந்த கலைஞர் மு. கருணாநிதி 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை அரச வழக்காக்கினார். நல்ல சொல், யானும் அதனை ஆள்கின்றேன். எனினும், 'மாற்றுத்திறனாளிகளுக்கான கரும பீடம்' என்று அழகிய எழுத்தில் எழுதி, அதனை ஏழு படிகளுக்கு மேலே தொங்கவிட்டிருக்கும் கட்டடம் ஒன்றை யான் கண்டதுண்டு. சொல்லாராய்ச்சியாற் படி தாழாது.

பொறியின்மை எவர்க்கும் பழியாகாது என்பது வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்திற் கூறும் கருத்து. அவ்விடத்துப் 'பொறி' என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொள்வர். பிற்கால உரைகாரர் சிலர் உடலுறுப்பு எனக் கொள்வர். இதுவரை பரிமேலழகர் பக்கமே நின்று மாணாக்கர்க்கு உரை சொல்லி வந்தேன். இன்றும் உரை என்ற அளவில் அதுவே எனக்கு உடன்பாடு. ஆயினும் இரண்டாவது பொருளை ஒரு வகுப்பிலே சொன்னபோது, கடைசி வாங்கில் இருந்த ஒருவர் முகத்திலே தோன்றிய மலர்ச்சியை எந்த உரையாசிரியரும் கண்டிருக்கமாட்டார்.

அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன். முன்னதாக எங்கள் சீனன்குடாவின் இயல்பைச் சிறிது கூறல் வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாக்களுள் ஒன்றன் கரையில் உள்ளது இவ்வூர். இவ்வூரைச் சில்லுகளின் ஊர் என்று சொன்னாலும் தகும். பிரித்தானியர் இங்கே விமான ஓடுபாதை அமைத்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தது திருகோணமலைத் துறைமுகத்தின்மீதும் இந்த ஓடுபாதையின்மீதுமே. அவர்கள் காட்டினூடே கட்டிய எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் எண்ணப்படுகின்றன. 1927இல் வந்த புகையிரதப் பாதை இவ்வழியே திருகோணமலைக்குச் செல்கின்றது. மாவு ஆலை உண்டு. சீமெந்துத் தொழிற்சாலை உண்டு. விமானத்தின் சில்லுக்கு மட்டமான தளம், எண்ணெய் லொறியின் சில்லுக்கு இறுகிய வீதி, மாவு மூடை ஏற்றும் தள்ளுவண்டியின் சில்லுக்குச் சரிவான மேடை என, இங்கே பொருள் சுமக்கும் எந்தச் சில்லுக்கும் வழி உண்டு. மனிதரைச் சுமக்கும் நாற்காலியின் சில்லுக்கு மட்டும் வழி அரிது. புகையிரதப் பெட்டியில் ஏறுதற்கும் படியே மிதித்தல் வேண்டும். மூடை ஏறுதற்குச் சரிவு கட்டத் தெரிந்த கைகளே அலுவலக வாயிலுக்குப் படி கட்டுகின்றன என்பதைக் காணுங்கால், கல்லும் சீமெந்தும் நம்மிடம் குறைவில்லை என்பது தெளிவாகும்.

'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா?' என்று ஒரு பழமொழியை நாம் இகழ்ச்சியாக எடுத்தாளுகின்றோம். தேன் கொம்பில் இருப்பது தேனீ செய்த செயல். அதற்கு ஒருவரும் பொறுப்பில்லை. மூன்றாம் மாடியில் நேர்முகப் பரீட்சை வைப்பது தேனீயின் செயலன்று.

கடைசி வாங்கில் இருந்தவர் என்றேனே, அவர் என்னிடம் பண்டிதப் பரீட்சைக்குப் பாடங் கேட்ட மாணவர். சிறுவயதில், போர்க்காலத்திலே, வலக்காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். யாப்பிலே என்னைத் திருத்தக்கூடியவர், கணக்கிலும் கெட்டிக்காரர். இலிகிதர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்முகம் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், மின்தூக்கி இல்லை. ஊன்றுகோலோடு ஏறி, வியர்த்து, இருபது நிமிடம் பிந்திச் சென்றார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இது: "ஐயா, அவையள் என்னட்டைத் தமிழைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. கணக்கைப் பற்றியும் கேக்கேல்லை. படியைப் பற்றித்தான் கேட்டவை."

அவருக்கு அவ்வேலை கிடைக்கவில்லை. இன்று வேறொரு களஞ்சியத்திலே கணக்கெழுதுகின்றார். தரைத்தளம், மேசையும் நல்ல மேசை, முதலாளியும் நல்லவர். ஆனால் மலசலகூடம் பின்வளவிலே, இரண்டு படிக்கு மேலே, ஒடுங்கிய கதவோடு இருக்கின்றது. கதவு உட்புறம் திறப்பது. உள்ளே நின்று ஊன்றுகோலைத் திருப்ப இடம் இல்லை. ஆகவே காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை அவர் தண்ணீர் குடிப்பதில்லை. திருகோணமலையின் வைகாசி வெயிலை அறிந்தவர் இதன் பொருளை அறிவர். இதனை அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. தேநீர் ஏன் வேண்டாம் என்று யான் வற்புறுத்திக் கேட்டபோது சொன்னார்.

அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களுள் நூற்றுக்கு 3 வீதத்தை இத்தகையோர்க்கு ஒதுக்குமாறு 1988ஆம் ஆண்டிலேயே சுற்றுநிருபம் ஒன்று வெளிவந்தது. ஆணை வந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. கடிதத்தாற் கொடுத்ததைக் கட்டடத்தாற் பறிக்கலாகாது என்று அச்சுற்றுநிருபத்தின் கீழே ஒரு வரி சேர்த்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

சட்டம் இல்லையோ எனின், உண்டு. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. அதன்கீழ், கட்டடங்களில் யாவரும் நுழைந்து பயன்படுத்தத்தக்க வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வர்த்தமானியில் வெளியாயின. அதே ஆண்டு திசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இவர்களின் உரிமைக்கான சமவாயத்தை ஏற்றது. இலங்கை அதனை 2016இல் உறுதிப்படுத்தியது. ஏட்டிலே வழி அகலமாகத்தான் இருக்கின்றது.

அந்த ஏட்டைக் கட்டடமாக்க முயன்றவர்களுள் கலாநிதி அஜித் பெரேரா என்னும் பெரியாரைத் தமிழ் வாசகர் அறிதல் வேண்டும். இரசாயன அறிஞர், கிரிக்கெற் நடுவராகவும் உயர்ந்தவர். 1992இல் அவர் செலுத்திச் சென்ற காரின்மேல் வழியோர மரமொன்று சரிந்து விழுந்தது. ஒரு கணத்திலே இடுப்புக்குக் கீழ் இயக்கம் அற்றது. எஞ்சிய வாழ்வு சக்கர நாற்காலியில். பலர் அந்நிலையில் வீட்டுக்குள் ஒடுங்குவர். அவரோ வங்கி, மண்டபம், விடுதி என்று ஒவ்வொரு வாயிலாகச் சென்று, எது தம்மை உள்ளே விடுகின்றது, எது விடவில்லை என்று ஆராய்ந்து எழுதினார். ஈற்றில் 2009இல் உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2011 ஏப்ரலிலே நீதிமன்றம் கட்டளையிட்டது: இனி எழும் பொதுக் கட்டடங்கள், மலசலகூடங்கள் உட்பட, இவர்கள் பயன்படுத்தத்தக்கனவாய் அமைதல் வேண்டும்; அமையாவிடின் அது தண்டனைக்குரியது. மலசலகூடத்தைத் தனியே எடுத்துச் சொன்ன அத்தீர்ப்பின் நுட்பத்தை யான் மேலே சொன்ன மாணவர் நன்கு உணர்வர். 2020இல் அஜித் பெரேரா மறைந்தார்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்கு 8.7 வீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றிலாயினும் இடர்ப்பாடு உடையோர். பன்னிருவருள் ஒருவர் என்று கொள்ளலாம். நாற்பது பேர் கூடும் ஓர் இலக்கியக் கூட்டத்திலே அக்கணக்கின்படி மூவர் இருத்தல் வேண்டும். நம் கூட்டங்களில் அம்மூவர் எங்கே?

இந்த வினா எங்கள் பகுதியிலே அண்மையில் எழுந்தது. சிறியதொரு வாசிகசாலை மண்டபம் கட்டப்படுகின்றது. மாரியில் வெள்ளம் நிற்கும் இடமாதலின் அத்திவாரத்தை இரண்டரை அடி உயர்த்தினர். படத்திலே முன்புறம் ஐந்து படி. சாய்தளம் வேண்டும் என்றபோது குழுவில் ஒருவர், "அப்படிப்பட்டவர்கள் இங்கே எத்தனை பேர் வருகிறார்கள்?" என்று கேட்டார். நேர்மையான கேள்விதான். ஒருவரும் வருவதில்லை. பழைய வாசிகசாலைக்கு நாள்தோறும் வந்து மூன்று பத்திரிகையையும் வரி விடாது வாசித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், முழங்கால் வலி கண்டபின் வருவதை நிறுத்தினார். அவர் இறந்துவிட்டார் என்றே சிலர் எண்ணியிருந்தனர். வராதவரை எண்ணிப் பார்க்கும் வழக்கம் வரவுப் புத்தகத்துக்கு இல்லை.

மேசன் வந்தார். இத்தகைய சரிவுக்கு உலகெங்கும் பெரிதும் ஒப்பிய அளவு, ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டடி நீளம். அப்படியாயின் இரண்டரை அடிக்கு முப்பதடி. வீதிக்கும் வாயிலுக்கும் இடையே பதினெட்டடியே உண்டு. "செங்குத்தாய்ப் போட்டு விடுங்கோ" என்றார் ஒருவர். எங்கள் நகரத்தில் அவ்வாறு 'போட்டு விட்ட' சரிவுகள் பல. மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றுதற்கே அவை பயன்படுகின்றன. நாற்காலியிலே ஒருவர் தாமாக அவற்றில் ஏற இயலாது. இறங்கினாலோ வீதிக்கே போய்ச் சேர்வார். மேசன் நூலைப் பிடித்து, மட்டம் வைத்து, மண்ணிலே குச்சியாற் கோடு கிழித்தார். பக்கச்சுவர் ஓரமாகப் பதினைந்தடி. அங்கே ஐந்தடிச் சதுரமாக ஒரு தளம், நாற்காலி திரும்புதற்கும் ஏறுபவர் மூச்சு வாங்குதற்கும். பின்னர்த் திரும்பி மேலும் பதினைந்தடி. பத்து நிமிடத்திலே கணக்கு முடிந்தது. பின் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, எங்கட அப்பு மாட்டுக்கேணிக்கு இப்பிடித்தான் சரிவு கட்டினவர். மனுசருக்கெண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் என்னட்டைக் கேட்டதில்லை."

அவர் வேறொன்றும் சொன்னார். சரிவின் மேற்பரப்பை வழவழப்பாகப் பூசலாகாது. ஈரம் காயுமுன் தும்புத்தடியால் இழுத்து வரி விடவேண்டும். இல்லாவிடின் மழைக்குச் சறுக்கும். பொறியியல் நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்லுவதை அவர் தும்புத்தடியாற் சொல்லி முடித்தார்.

பிறநாட்டு அறிஞர் இத்துறையில் நெடுந்தூரம் சென்றுளர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் நடை இழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் றொனால்ட் மேஸ், 'யாவர்க்குமான வடிவமைப்பு' என்னும் கொள்கையை வகுத்தார். சிலர்க்கென்று பின்வாயிலில் ஒரு வழி, பிறர்க்கென்று முன்வாயிலில் ஒரு வழி என்று பிரியாமல், தொடக்கத்திலேயே யாவரும் ஒரே வாயிலால் நுழையுமாறு வரைக என்பதே அதன் சாரம். 1967இல் யப்பானின் ஒகயாமா நகரிலே, பார்வையற்றோர் பள்ளி ஒன்றன் அருகே, செயிச்சி மியாகே என்பவர் தாம் ஆக்கிய புள்ளிக்கற்களை வீதியிற் பதித்தார். காலடியால் வாசிக்கும் எழுத்து அது. இன்று உலகின் புகையிரத மேடைகள் பலவற்றிலே மஞ்சள் நிறத்தில் அதனைக் காணலாம். எங்கள் வாசிகசாலைக்கு அது இன்னும் எட்டவில்லை. யான் கேட்டுப் பார்த்தேன், நகரத்துக் கடைகளில் அக்கல் இல்லை.

நமக்கு அணித்தான நாட்டிலும் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. செய்ப்பூர்க் காலை எடுத்துக்கொள்க. 1968இல் இராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி. கே. சேத்தி என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து ஆக்கிய அது, மேனாட்டுச் செயற்கைக்கால் போலச் சப்பாத்துக்குள் ஒளியவேண்டியதன்று. வெறுங்காலோடு வயலில் நடக்கவும், சம்மணமிட்டு இருக்கவும், குந்தவும் ஏற்றது. நம் மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்று பார்த்துச் செய்த கால். எங்கள் வடகிழக்கிலே கண்ணிவெடிக்குக் கால் கொடுத்த பலரை மீண்டும் நிற்கவைத்தது அதுவே. சென்னை மெரினாவில் 2022 நவம்பரிலே 263 மீற்றர் நீள மரப்பாதை ஒன்றை மணலின்மேல் அமைத்தனர். சக்கர நாற்காலியிலிருந்தவாறே கடலலைக்கு அருகே சென்றவர்களின் முகங்களைப் படங்களிற் கண்டேன். அடுத்த மாதமே புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது, திருத்தி அமைத்தனர். கடலோரத்தில் வாழும் எமக்கு அச்செய்தியின் இரு பாதியும் வேண்டியனவே.

கோயிலைப் பற்றியும் ஒரு சொல். கோணேசர் வீற்றிருப்பது சுவாமிமலை உச்சி. மலையைத் தாழ்த்த இயலாது. அதன் உயரமே அதன் பெருமை. ஆயினும் தேருக்குச் சில்லு பூட்டி, ஊர்கூடி வடம் பிடித்து, இறைவனை அடியார் வாயிலுக்குக் கொணரும் மரபு நம்முடையது. வர இயலாதாரிடம் தெய்வமே செல்லலாம் என்று ஆகமம் வகுத்தவர்களின் வழிவந்தோர், ஒரு பலகைச் சரிவு வைப்பதற்கு ஆகமத்தில் இடம் உண்டோ என்று வாதிடுதல் எனக்கு வியப்பைத் தருகின்றது.

இரட்டைப் புலவர் கதையை அறியாத தமிழ் மாணவர் இரார். இளஞ்சூரியர், முதுசூரியர் என்ற இருவருள் ஒருவர்க்குப் பார்வை இல்லை; மற்றவர்க்கு நடை இல்லை. நடையில்லாதவரைப் பார்வையில்லாதவர் தோளிற் சுமக்க, அவர் வழி சொல்ல, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர். இக்கதையைச் சொல்லி, பார்த்தீர்களா, மனம் இருந்தால் வழி உண்டு என்று முடிக்கும் சொற்பொழிவுகளை யான் நிறையக் கேட்டிருக்கின்றேன். நட்புக்கு அது அணி. நாள்தோறும் கந்தோருக்குப் போதற்கு அது வழியன்று. பரீட்சை மண்டபம் மாடியில் இருந்தபோது என் மாணவரை நான்கு தோழர்கள் கதிரையோடு தூக்கிச் சென்றனர், அன்பாகவே தூக்கினர். அவரோ, "சுமக்கேக்கை நான் நாலு நாள் படிச்சது எல்லாம் மறந்து போச்சு, ஐயா" என்றார். சுமைதாங்கியின் அருமை, தூக்கி இறக்கப் பிறர் ஒருவரும் வேண்டாமையே என்று தொடக்கத்திற் சொன்னேன். அதனை எனக்கு விளங்கவைத்தவர் அவர்.

எங்கள் வாசிகசாலைச் சாய்தளத்தில் முதற் பதினைந்தடி முடிந்துவிட்டது. திருப்பத்துத் தளத்துக்குக் கல் அடுக்கியாயிற்று. கைபிடி பற்றி இன்னும் வழக்கு நடக்கின்றது. சாதாரண இரும்புக் குழாய் மலிவு. ஆனால் குடாக்காற்றின் உப்புக்கு விரைவிலே துருவேறி, பிடித்தவர் கையைக் கிழிக்கும் என்கின்றார் மேசன். நாகம் பூசிய குழாய் என்றால் விலை இரட்டிப்பு. பெரியவர்க்கு ஒன்றும் சிறுவர்க்குத் தாழ்வாக ஒன்றுமாக இரண்டு வரி வேண்டும் என்று வேறு யான் கேட்டிருக்கின்றேன். பணம் சேரவில்லை. மலசலகூடத்துக் கதவு மூன்றடி அகலம் இருத்தல் வேண்டும், வெளிப்புறமாகத் திறத்தல் வேண்டும் என்று தச்சருக்குச் சொல்லியாயிற்று. அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தவர் என் மாணவர்.